உடும்பஞ்சோலையில் என் மகனின் பெட்டிகள்

எங்கள் தோட்டத்தில் கிணற்றுக்குத் தென்புறம் ஓர் இடம் சும்மா கிடந்தது. சின்னவன் வீடு கட்டிக்கொள்ளட்டும் என்று அவன் அப்பா உயிரோடு இருக்கும்போதே ஒதுக்கியது. அவர் போன பிறகும் அதில் நான் கடலை போடக்கூட விட்டதில்லை. யாராவது ஆடு கட்டினால் அவிழ்த்து விரட்டுவேன். கேட்டவர்களுக்கெல்லாம், "வர்ற தைக்கு வந்துருவான்" என்று ஒரே பதில். எத்தனை தை போயிற்று என்று யாரும் என் முகத்துக்கு நேரே கேட்டதில்லை. கேட்க விடுகிற ஆளும் நான் இல்லை.

அந்த வருஷம் பெரியவன் பழனிச்சாமி கேட்டுவிட்டான். "அம்மா, தம்பி வர்றானா வல்லியான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லீருங்க. வல்லீன்னா அங்க நான் தென்னை வெச்சுக்கறேன். எடம் சும்மா கெடந்து முள்ளு மொளைக்குது."

கேட்டதில் தப்பில்லை. நிலச் சட்டம் வந்து குத்தகை பூமியெல்லாம் கைவிட்டுப் போன பிறகு, மிச்சத்தில் ஒரு மூலை சும்மா கிடந்தாலும் உழுகிறவன் கண்ணில் உறுத்தத்தான் செய்யும். கடுதாசி போட்டுக் கேட்கலாம் என்றான். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். அதுவும் போக, இந்தக் கேள்வியை முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நாங்கள் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். சின்னவன் நாச்சிமுத்து இருப்பது உடும்பஞ்சோலை மலையில். ஒரே ராஜ்யம்தான். ஆனால் எங்கள் ஊரிலிருந்து அங்கே போக அடுத்த ராஜ்யத்தில் இறங்கி, அதைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஏற வேண்டும். மலை ஏறும்போது பஸ் வளைவுக்கு வளைவு நின்று மூச்சு வாங்கியது. எனக்கு முன்சீட்டில் இரண்டு மலையாளத்துப் பெண்கள். ஒருத்தி மடியில் கோழிக்கூடை.

"என் மகள் ஜெர்மனியில் நர்ஸ். அங்கே பனியில் நடந்துதான் வேலைக்குப் போகிறாளாம்" என்றாள் கோழிக்காரி.

"எப்போது வருவாள்?"

"வருவதைப் பற்றி எழுதுவதில்லை. அங்கே இருக்கிற குளிரைப் பற்றித்தான் எழுதுகிறாள்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே மஞ்சு மூடி ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

உடும்பஞ்சோலைக் கடைவீதியில் ஜீப்போடு ஓர் ஆள் காத்திருந்தான். பெயர் மத்தாயி. சின்னவன் இருக்கும் இடத்தில் ஜீப் ஓட்டுவது, கூரை மாற்றுவது, ஆள் கூட்டி வருவது எல்லாம் அவன்தான். அவன் பேசியது மலையாளம், நான் தமிழில் சொல்கிறேன். "டாக்டருடைய அம்மை நீங்கள்தானே? மூக்கைப் பார்த்ததுமே தெரிந்தது" என்றான். ஜீப்பில் ஏற்கெனவே ஏலத்தோட்டத்துப் பெண்கள் நாலைந்து பேர், இரண்டு அரிசி மூட்டை, ஒரு கட்டு வாழைக்கன்று. கதவைக் கயிற்றால் கட்டியிருந்தான்.

பாதி வழியில் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும் என்றான். எல்லாரும் இறங்கினார்கள்.

"அம்மையும் கொஞ்சம் இறங்கினால் வண்டி லேசாகும்."

"நான் ஏறுனா எறங்க வேண்டிய எடத்துலதான் எறங்குவேன். தள்ளு."

தள்ளினார்கள். பின்னாலிருந்து ஒரு பெண், "ஏ யம்மா, மகாராணி உக்காந்திருக்காகடீ, பதனமாத் தள்ளுங்க!" என்று சிரித்தாள். அவள்தான் செல்லத்தாய். சின்னவன் இருக்கும் இடத்தில் சமைத்துப் போடுகிறவள், பாக்கி நேரத்துக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவள். அப்பன் காலத்தில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம். இறங்கியதும் என் மூட்டையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். "வாங்க ஆச்சி. உங்க மகன் டாக்டருன்னு சொல்லுதாக. காச்சலுக்கு ஒரு மாத்திர கேட்டேன். 'நான் அந்த டாக்டரு இல்ல'ன்னுட்டாக. வேற எந்த டாக்டருன்னு கேட்டா தலைக்கு மேல மானத்தக் காட்டுதாக."

தகரக் கூரை போட்ட இரண்டு அறை. வாசலில் நாச்சிமுத்து நின்றான். தாடி வைத்திருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. "வாங்கம்மா" என்றான். பக்கத்து வீட்டுக்காரி வந்தாலும் அப்படித்தான் சொல்வான். நான் அதற்கு மேலும் ஒன்று எதிர்பார்த்திருந்தேன். "என்ன சாமி, தாடி?" என்றேன். "தண்ணி சூடாகறதுக்கு நேரமாகுதுங்கம்மா" என்று சிரித்தான். சிரித்த பிறகுதான் என் பிள்ளை என்று தெரிந்தது.

செல்லத்தாய் அன்று மரச்சீனியும் மீன் குழம்பும் வைத்தாள். மரவள்ளிதான், எங்கள் ஊரில் குச்சிக்கிழங்கு என்போம். வேகவைத்து உப்புத் தொட்டுத் தின்றுவிட்டுப் போய்விடுவோம், அதைச் சோற்றுக்குப் பதிலாக யாரும் வைக்க மாட்டார்கள். மீன் பக்கம் நான் திரும்பவே இல்லை. வெல்லம் போட்டுச் சுட்டுக் கொண்டுபோயிருந்த கச்சாயத்தை எடுத்து அவன் தட்டில் வைத்தேன். அவன் அதையும் மீனையும் ஒன்றாகத் தின்றான்.

மறுநாள் காலையில் மஞ்சு விலகியது. வெளியே வந்து பார்த்தால் புல்மேட்டுச் சரிவு முழுக்கப் பெட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு கட்டில் அகலம், மேலே சின்னதாகத் தகரக் கூரை. ஒன்றுக்கொன்று எட்ட எட்ட, கோடு போட்ட மாதிரி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் கறுப்பு ஒயர் புறப்பட்டு அவன் அறைக்குப் போயிற்று. கூப்பிட்டுச் சுற்றிக் காட்டினான்.

"மேல இருந்து ஒரு துளி வரும்ங்கம்மா. கண்ணுக்குத் தெரியாது. காத்துல மோதி ஒடஞ்சு, அந்தத் துண்டு மறுபடி ஒடஞ்சு, ஆயிரமாயி, லட்சமாயி, இந்த மேட்டு மேல மழையாட்டம் விழும். எல்லாப் பொட்டியிலயும் ஒரே நேரத்துல பட்டா, பெரிய துளி ஒண்ணு வந்திருக்குதுன்னு தெரிஞ்சுக்குவோம்."

"மழைன்னா நனையோணுமே."

"நனையாதுங்க. இப்பக்கூட உங்க மேல விழுந்துட்டுத்தான் இருக்குது."

நான் முந்தானையைப் பார்த்தேன். அவன் சிரித்தான். பெட்டிக்குள் கண்ணாடி மாதிரி ஒரு பலகை இருக்கிறதாம். மழை பட்டால் அது மினுக்கும்; அந்த மினுக்கலைப் பார்க்க உள்ளே ஒரு குழல் இருக்கிறதாம். எந்தப் பெட்டியில் முதலில் பட்டது, எதில் கடைசியில் பட்டது என்று பார்த்தால் மழை எந்தப் பக்கமிருந்து சாய்ந்து வந்தது என்று சொல்லிவிடலாம். களத்தில் நெல் தூற்றும்போது எந்தப் பக்கம் முதலில் விழுகிறது என்று பார்த்து நாங்கள் காற்றைச் சொல்வதில்லையா, அது மாதிரி என்று வைத்துக்கொண்டேன்.

"வர்றதுல முக்காவாசி வேற ஜாதிங்கம்மா. வழியில வளஞ்சு வளஞ்சு வந்து, எங்கிருந்து பொறப்பட்டுதுன்னே தெரியாமப் போயிரும். நான் தேடறது காமாக் கதிருன்னு ஒண்ணு. அது வளையாது. எந்த நச்சத்திரத்துல பொறப்பட்டுதோ அங்கிருந்து நேரா வரும். வந்தா அதோட ஊரு தெரியும்."

"பரவால்ல. அதுக்காச்சும் ஊரு நெனப்பு இருக்குது" என்றேன்.

அவன் குனிந்து ஒரு ஒயரைச் சரி செய்தான். சரி செய்ய அதில் ஒன்றும் இல்லை.

அவன் பார்க்கிற நட்சத்திரம் காலையில் ஏறி, ராத்திரி படுக்கிற நேரத்துக்கு இறங்குமாம். பகலில் நட்சத்திரம் ஏது என்று கேட்டேன். "பகல்லயும் அங்கதான் இருக்குதுங்க. நம்ம கண்ணுக்குத்தான் தெரியறதில்ல" என்றான். அப்போது கேட்டிருக்கலாம், கிணற்றடி இடத்தைப் பற்றி. வாய் வரை வந்தது. அறையிலிருந்து ஏதோ மணி அடித்து, ஓடிவிட்டான்.

மத்தியானம் செல்லத்தாய் என்னை ஏலத்தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். பெரிய மரங்களின் நிழலில் ஏலச்செடி. காய் வேரடியில் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கிறது. குனிந்தே வேலை. எங்கள் ஊரில் பருத்தி எடுக்கிறவர்கள் நின்றாவது எடுப்பார்கள். என் காலில் மூன்று அட்டை. செல்லத்தாய் மூக்குப்பொடியைத் தடவி உதறிவிட்டாள்.

"இதுல ஒரு ரகசியம் ஆச்சி. மேல உள்ளவுக சொல்லிட்டாகளாம். வர்ற மழைக்குள்ள ஒண்ணும் தட்டுப்படலைன்னா பெட்டியெல்லாம் கட்டிக்கிட்டு எடத்தக் காலி பண்ணணுமாம். உங்க மகன் சோறே சரியாத் திங்க மாட்டேங்காக."

அதைக் கேட்டதும் எனக்கு வந்தது சந்தோஷம். மூடி மறைக்க என்ன இருக்கிறது? காலி பண்ணினால் எங்கே போவான், வீட்டுக்குத்தானே வருவான். கிணற்றடி இடத்தில் வாசல் எந்தப் பக்கம் வைப்பது என்று அன்று பொழுது சாயும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். வடக்கு பார்த்து வைத்தால் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்கும். அவனுக்குச் சின்ன வயதில் அந்தச் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வரும்.

மூன்றாம் நாள் எழுந்து பார்த்தால் நாச்சிமுத்து தாடியை வழித்திருந்தான். அவன் அறையில் கண்ணாடிக் குமிழ்களுக்குள் சிவப்பு எண்கள் எரியும், எந்தப் பெட்டியில் எத்தனை துளி பட்டது என்ற கணக்கு. கீழ்ச்சரிவுப் பெட்டிகளின் எண்கள் சில நாளாகவே கூடிக்கொண்டு வந்தனவாம். முந்தின நாள் நிறையக் கூடிவிட்டதாம். மத்தாயி வாசலில் நின்று, "கிடைத்துவிட்டது அம்மை, கிடைத்துவிட்டது! உங்கள் மகன் பெயர் பேப்பரில் வரும்" என்று குதித்தான். செல்லத்தாய் சேமியாப் பாயசம் வைத்தாள்.

"இன்னும் சொல்லப் படாதுங்கம்மா. பாக்கோணும்" என்றான் நாச்சிமுத்து. வாய்தான் அப்படிச் சொன்னது. பாயசத்தை நின்றுகொண்டே குடித்தான். காலியான டம்ளரை மறுபடியும் வாயில் வைத்தான். அவனை அப்படிப் பார்த்தது பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிக்கொண்டு வரப்பு வழியாக ஓடிவந்த அன்றுதான். கிடைத்துவிட்டால் இந்த மலையை விட்டு இறங்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், கிடைத்ததாகவே இருக்கட்டும் என்றுதான் மனசு சொல்லிற்று. எனக்கே என்மேல் கோபம்.

நாலாம் நாள் காலையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அது இல்லீங்கம்மா."

"எப்படித் தெரியும்?"

"நச்சத்திரம் குடுக்கறதா இருந்தா, அது ஏறும்போது ஏறோணும், எறங்குனா எறங்கோணும். இது நச்சத்திரம் போன பொறகும் அப்படியே நிக்குது. பகலும் ராத்திரியும் ஒண்ணாட்டம் இருக்குது. வானத்துல இருந்து வரல. இங்க எங்கயோதான் இருக்குது."

கதிர் இருந்தால் சத்தம் போட்டுக் காட்டுகிற கையடக்கமான ஒரு கருவியை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினான். நானும் பின்னால் போனேன். மேல்வரிசையில் அது எப்போதாவது டிக் என்றது. கீழ்ச்சரிவுக்கு வந்ததும் வாணலியில் கடுகு பொரிகிற மாதிரி படபடவென்று அடித்தது. நாச்சிமுத்து குனிந்து, அங்கிருந்த பெரிய பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்தான். கறுப்பு மணல். பார்க்கப் பட்டு மாதிரி பளபளப்பு.

"மத்தாயி, இது ஏது?"

மத்தாயிக்குப் பெருமை. மழையில் கீழ்ச்சரிவுப் பெட்டிகள் சேற்றில் சாய்ந்துவிட்டன. ஆற்று மணல் போட்டால் அடுத்த மழையில் அடித்துக்கொண்டு போகிறது. அவன் மச்சினன் கொல்லம் பக்கத்திலிருந்து தேங்காய் லாரி ஓட்டுகிறான். அந்தக் கடற்கரையில் கனமான கறுப்பு மணல் உண்டு, எந்த மழைக்கும் அசையாது என்று தேங்காய்க்கு அடியில் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு பெட்டியாக மட்டம் பார்த்துப் போட்டிருக்கிறான். "எப்படி உட்கார்ந்திருக்கிறது பாருங்கள், செருப்புக் காலால் மிதித்தாலும் நகராது" என்று மிதித்துக்கூடக் காட்டினான்.

நாச்சிமுத்து அவனைத் திட்டவில்லை. "மத்தாயி, அந்த மணலுக்கே கதிர் உண்டு. பெட்டி வானத்தைப் பார்க்கவில்லை. உன் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தது" என்று மலையாளத்தில் மெதுவாகச் சொன்னான்.

மத்தாயி முகம் செத்துவிட்டது. "விஷமா? நான் கையால் அள்ளினேனே."

"அந்தக் கடற்கரையில் அதன் மேல்தான் காலங்காலமாக ஜனங்கள் குடியிருக்கிறார்கள். பயப்படாதே. அள்ளி வெளியே போட்டுவிட்டால் போதும்."

செல்லத்தாய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "நேத்து வச்ச பாயசம் கடல் மண்ணுக்கா? நல்லா இருக்குவே உம்ம கூத்து!" என்றாள். மத்தாயியே சிரித்துவிட்டான்.

மறுநாள் ஏலத்தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. பெட்டியைத் தூக்கி நகர்த்துவது ஆண்கள், மணலை அள்ளுவது பெண்கள். நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டி மண்வெட்டி பிடித்தான். நான் ஒரு கூடையை எடுத்தேன்.

"நீங்க உக்காருங்கம்மா."

"ஏன், நான் மண்ணு சொமந்ததில்லியா? கெணறு வெட்டுனப்ப நீ என்ற வயித்துல இருந்த. அப்பவே சொமந்தவ நான்."

மகாராணி இறங்கிவிட்டாள் என்று ஜீப்பில் வந்த பெண்கள் கேலி பண்ணினார்கள். கனமென்றால் அப்படியொரு கனம், கூடை கழுத்தை அழுத்தியது. அவன் வெட்டிப் போட, நான் சுமந்து அந்தப் பக்கத்து ஓடைப் பள்ளத்தில் கொட்டினேன். வெகு காலத்துக்குப் பிறகு ஒரு வேலையை நானும் அவனும் சேர்ந்து செய்தோம். அவன் மண்வெட்டியை ஓங்குவதற்கு முன்னால் கையில் எச்சில் துப்பிக்கொள்வதைப் பார்த்தேன். படிக்கப் போன இடத்தில் யாரும் அதை மாற்றவில்லை.

சாயங்காலம் மணல் தீர்ந்தது. எல்லாரும் பால் ஊற்றாத கட்டன்சாயா குடித்தோம். நாச்சிமுத்து அறைக்குள் போய் எண்களைப் பார்த்துவிட்டு வந்தான். முகம் தெளிந்திருந்தது.

"பழையபடி எறங்கிருச்சுங்கம்மா. இப்பத்தான் செரியா இருக்குது."

"ஒண்ணும் கெடைக்காமப் போனதா செரியா இருக்குது?"

"ஆமாங். இல்லாதத இருக்குதுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சா அதைவிடக் கேவலமில்லீங்களா? இனி நிம்மதியாத் தேடலாம்."

எனக்குச் சுருக்கென்றது. அவன் என்னை நினைத்துச் சொல்லவில்லை. இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று கேட்டுவிட்டேன்.

"சாமி, இத மூடப் போறாங்களாமே. மூடுனா ஊருக்கு வந்துருவியா? கெணத்தடி எடம் அப்படியேதான் கெடக்குது. அண்ணன் ஒரு வார்த்தை கேட்டுட்டு வரச் சொன்னான்."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். மேட்டின் மேல் மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெட்டியாக மறைந்தது.

"மூடுனா இந்தப் பொட்டிகள வேற ஊருக்குக் கொண்டு போவாங்கம்மா. வடக்க எங்கயோ சொல்றாங்க. பொட்டி எங்க போகுதோ அங்கதான் நானும் போவேன்."

"போயி?"

"தேடறது."

"கெடைக்கலீன்னா?"

"கெடைக்கலீன்னும் ஒருத்தன் பாத்துச் சொல்லோணுமில்லீங்க." மேட்டுப் பக்கமிருந்து என் பக்கம் திரும்பினான். "அந்த எடத்த அண்ணனுக்கே குடுத்துருங்கம்மா. நான் வருவேன்னு வெச்சிருக்காதீங்க. ஒவ்வொரு தைக்கும் நீங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கறது எனக்குத் தெரியும். கேக்கறப்ப இங்க என்னால இருப்புக் கொள்ள முடியறதில்ல."

நான் அழுகிற ஜாதி இல்லை. "செரி" என்றேன். "தாடி வெக்காத. நல்லாவே இல்ல" என்றும் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேர் கையிலும் கறுப்பு மணல் ஒட்டியிருந்தது. அவன் அதைத் தட்டிவிடவில்லை, நானும் விடவில்லை.

கிளம்பும் அன்று கொள்ளுப் பருப்புக் கடைந்து, அரிசி பருப்புச் சாதம் ஆக்கிப் போட்டேன். செல்லத்தாய்க்கும் பக்குவம் சொல்லிக் கொடுத்தேன். "மீனு இல்லாம இத எப்படித் திங்க ஆச்சி?" என்று கேட்டுவிட்டு, அவளே இரண்டு தடவை வாங்கித் தின்றாள். மத்தாயி ஜீப்பில் எனக்கு முன்சீட்டைத் துடைத்து வைத்திருந்தான். நாச்சிமுத்து கடைவீதி வரை வந்தான். பஸ் கிளம்பும்போது, "போயிட்டு வாங்கம்மா" என்றான். எங்கள் ஊரில் வீட்டை விட்டு வெளியே போகிறவர்களுக்கு, வீட்டில் இருக்கிறவர்கள் சொல்வது அது. அவன் வீட்டில் நின்றுகொண்டு என்னை அனுப்பி வைக்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது.

இந்தப் பக்கம் பஸ் இறங்கியபோது வெயில் சுட்டது. பனைமரங்களைப் பார்த்ததும் மூச்சு நேராக வந்தது. பழனிச்சாமி வண்டி பூட்டிக்கொண்டு வந்து நின்றான். வாய்க்கால் தாண்டியதும் திரும்பாமலே கேட்டான்.

"என்னங்கம்மா சொன்னான்?"

"உன்னையத் தென்னை வெச்சுக்கச் சொல்லிட்டான்."

சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். கயிற்றைத் தளர விட்டுவிட்டான். மாடு தானாக நின்றது.

"தென்னை கெடக்குது உடுங்கம்மா" என்றான். "எடத்தக் கேட்டாலாச்சும், 'என்ற எடம், யாரும் தொடாதீங்க'ன்னு ஓடி வந்துருவான்னு பாத்தேன்."

அத்தனை வருஷம் நான் ஒருத்திதான் காத்திருக்கிறேன் என்று எண்ணியிருந்தேன். அவன் முதுகைப் பார்த்தேன். தோளில் துண்டு நனைந்திருந்தது, வேர்வையா என்னவோ.

"ஓட்டு சாமி" என்றேன். "பொட்டி எந்த ஊருக்குப் போனாலும் செரி, நாம ரண்டு பேரும் போயிப் பாத்துட்டு வருவோம். அவன் இருக்கற எடம் நமக்குத் தெரியுமில்ல."

அடுத்த வாரம் தென்னைக்குக் குழி எடுத்தார்கள். ஒவ்வொரு குழிக்கும் நானே நின்று இடம் காட்டினேன்.